பரவாயில்லை, கொடு

வாழைப்பழத்தை உரித்தவன் நான். பின்சீட்டில் இருந்த அக்கா மகன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். "மாமா, குடுக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க." எட்டு வயதுப் பிள்ளை. "பரவாயில்லை, கொடு. ஒரு பழம்தானே" என்றேன். அவன் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினான். வெளியே நின்ற பறவை பழத்தைக் கவ்வி, தலையை மேலே தூக்கி, ஒரே விழுங்காக விழுங்கியது. மொத்தமும் ஒரு நிமிடம்கூட இருக்காது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டல்லியிலிருந்து மிஷன் பீச்சுக்குப் போகும் சாலையில் நடந்தது இது. டவுன்ஸ்வில்லில் இருக்கும் அக்கா வீட்டுக்கு செப்டம்பர் பள்ளி விடுமுறையில் போயிருந்தேன். அத்தான் வண்டி ஓட்டினார். டல்லியைச் சுற்றி வாழைத் தோட்டங்கள்தான், பார்க்கும் பக்கமெல்லாம். வழியில் வாங்கிய ஒரு சீப்புப் பழம் என் மடியில் இருந்தது. தோட்டங்கள் முடிந்து இருபுறமும் மழைக்காடு நெருங்கியதும் மஞ்சள் பலகைகள் வரத் தொடங்கின: கசோவரி கடக்கும் இடம், மெதுவாகப் போகவும். கசோவரி என்பது அந்தக் காட்டில் வாழும், பறக்காத பெரிய பறவை. அக்கா அந்த ஊரில் ஆறு வருடமாக இருக்கிறாள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வளைவில் அத்தான் வேகத்தைக் குறைத்தார். சாலையோரப் புல்லில் அது நின்றிருந்தது.

படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். உடம்பு முழுக்கக் கருப்பு, அதுவும் இறகு மாதிரி இல்லை, வாரிவிட்ட முடி மாதிரி தொங்குகிறது. கழுத்து அப்படியொரு நீலம். முன்னால் இரண்டு சிவப்புச் சதைகள் தொங்கி ஆடுகின்றன. தலைக்கு மேலே கவசம் போல ஒரு கொண்டை; இந்தப் பறவைக்கு அது நேராக இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மிஷன் பீச் கடற்கரையில் பிறகு சவுக்கு மரங்களைப் பார்த்தபோது அந்த இறகு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து படித்தால், சவுக்குக்கு அறிவியலார் வைத்த காசுவரினா என்ற பெயரே இந்தப் பறவையிலிருந்துதான் வந்திருக்கிறது. மலாயில் இதற்குக் கசுவாரி என்று பெயர். சவுக்கின் தொங்கும் ஊசிக் கிளைகள் இதன் இறகைப் போல இருக்கின்றன என்று யாரோ பார்த்து வைத்த பெயர். சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு மரம் தன் பெயருக்குள் இந்தப் பறவையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் அப்போது கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் அதன் பக்கம் போகவில்லை. வண்டி மெதுவானதும் அதுதான் சாலையைக் கடந்து எங்களிடம் வந்தது. நேராகக் கண்ணாடிப் பக்கம். பையனின் முகத்தை அது பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. அன்று இரவு தங்கிய இடத்தில் எடுத்த படங்களை எல்லாரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எவ்வளவு தைரியமான பறவை, எவ்வளவு கிட்ட வந்தது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பையன் மட்டும் அதிகம் பேசவில்லை.

விசிறிப் பனைக் காட்டில்

மறுநாள் காலை ஜிரு தேசியப் பூங்காவில் லிக்குவாலா விசிறிப் பனைகள் நிற்கும் காட்டுக்குள் நடந்தோம். பனையோலை விசிறியை முழு வட்டமாக விரித்தது போன்ற ஓலைகள் தலைக்கு மேல் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். வெளிச்சம் பச்சையாகத்தான் கீழே இறங்கும். பாதை ஓரத்தில் ஒரு குவியலைப் பார்த்து அக்கா மூக்கைப் பொத்தினாள். பக்கத்தில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி நிமிர்ந்து, கசோவரியின் எச்சம் என்றார். அந்த ஊர்க்காரர். கையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார், பறவைகளை எங்கே எப்போது பார்த்தோம் என்று குறித்துவைப்பதற்கு. ஒரு குச்சியால் குவியலைக் கிளறிக் காட்டினார். எச்சம் என்று சொல்லவே முடியாது, பழக்கூடை கவிழ்ந்தது போல இருந்தது. முழுசு முழுசாகக் கொட்டைகள், பாதி செரித்த தோல்கள். அதன் ஒரு ஓரத்தில், பழைய குவியலாக இருக்க வேண்டும், விரல் நீளத்துக்கு நாலைந்து நாற்றுகள் முளைத்திருந்தன.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் காட்டில் பல மரங்களின் பழங்கள் பெரியவை. பறக்கும் பறவை எதுவும் அந்தக் கொட்டைகளை முழுசாக விழுங்கித் தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது. கசோவரிதான் விழுங்குகிறது, கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறது, வேறொரு இடத்தில் உரத்தோடு சேர்த்து இறக்கிவைக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட செடிகொடி மரங்களின் பழங்களை அது தின்பதாகக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். குடல் குட்டையானது, உணவு சீக்கிரம் கடந்துவிடும், அதனால் விதைக்குச் சேதம் இல்லை. மற்ற விலங்குகளுக்கு நஞ்சாகும் பழங்களையும் அது தாங்கிக்கொள்கிறது. டெயின்ட்ரீ பக்கம் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வளரும் ரைபரோசா என்ற மரத்தின் விதைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சும்மா விதைத்தால் 100க்கு 4 முளைத்தது. கசோவரியின் வயிற்றுக்குள் போய்வந்த விதைகளில் 92 முளைத்தது. இந்த இரண்டு எண்களையும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கொட்டை கீழே விழுந்தால் போதும், மரம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இந்த மரத்துக்கு நடுவில் ஒரு வயிறு வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்மணி பேச்சோடு பேச்சாக, நீங்கள் ஏதாவது பறவையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் பையன் சொல்லிவிட்டான்: நேற்று சாலையில் பார்த்தோம், நான் அதற்கு வாழைப்பழம் கொடுத்தேன். "நாங்கள்" என்று சொல்லவில்லை, "மாமா சொன்னார்" என்று சொல்லவில்லை. நான் கொடுத்தேன் என்றான். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று உடனே சொன்னேன். அது எவ்வளவு தாமதம் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, எந்த வளைவு, எத்தனை மணி, கொண்டை எப்படி இருந்தது என்று பையனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பறவைக்கும் கொண்டையின் வடிவம் வேறாக இருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் சாய்ந்திருந்தது என்று பையன் கையை வைத்துக் காட்டினான். அப்புறம் அவர் கேட்டார்: "அது தானாகக் காரை நோக்கி வந்ததா?" ஆமாம் என்றோம். பேனா ஒரு கணம் நின்றது. "பின்னால் குஞ்சுகள் இருந்தனவா, பார்த்தீர்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. புல்லுக்குப் பின்னால் இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அந்தக் கேள்வி ஏன் என்று அவர் விளக்கினார். பெண் பறவைதான் பெரியது, 70 கிலோவுக்கு மேலும் போகும். அது பச்சை நிறத்தில் மூன்று முதல் ஐந்து முட்டை வரை இட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும், அடுத்த ஆணைத் தேடி. அடைகாப்பது ஆண். சுமார் 50 நாள், அநேகமாகத் தின்னாமல் குடிக்காமல். குஞ்சு பொரித்த பிறகு ஒன்பது மாதம் வரை அதுகளை அழைத்துக்கொண்டு காட்டைச் சுற்றிக் காட்டும். இந்தப் பழம் தின்னலாம், இந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், இந்த நேரத்தில் இந்த மரம் பழுக்கும் என்று எல்லாமே அப்பாவின் காலடியில் கற்றுக்கொள்வதுதான். காரிடம் போனால் தீனி கிடைக்கும் என்பதை அப்பா கற்றிருந்தால் அதையும் குஞ்சுகள் கற்றுக்கொள்ளும். அவர் இதைச் சொல்லும்போது பையன் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அந்தக் கையை அவன் விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன், வாதம் செய்வதற்காக இல்லை, உண்மையிலேயே புரியாமல். புயலுக்குப் பிறகு அரசே இவற்றுக்குத் தீனி வைத்ததாகப் படித்தேனே? 2011 பிப்ரவரியில் யாசி புயல் மிஷன் பீச் பக்கம்தான் கரையைக் கடந்தது. காட்டில் ஒரு பழம் மிஞ்சவில்லை, மரங்களே மொட்டையாக நின்றன, பசித்த பறவைகள் வீட்டு முற்றங்களுக்கும் சாலைகளுக்கும் வந்தன. 2006இல் லாரி புயலின்போதும் இதே கதைதான். அப்போது வனத்துறையினர் பழங்களைக் கொண்டுபோய் வைத்தது உண்மை. ஆனால் வைத்த இடம் காட்டுக்குள், சாலைக்கும் வீட்டுக்கும் எட்டாத இடம், கொடுப்பவர் கண்ணில் படாமல். பறவையை வெளியே வரவிடாமல் உள்ளேயே நிறுத்துவதற்கான தீனி அது. நான் கொடுத்த பழம் அதைச் சாலைக்குக் கூப்பிட்டது. அதே பழம்தான். எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆபத்து என்ற சொல்

இந்தப் பறவையைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது "உலகின் மிக ஆபத்தான பறவை" என்ற பட்டம். ஊர் திரும்பிய பிறகு மாதக்கணக்கில் இந்தப் பட்டத்தோடுதான் எனக்குச் சண்டை. காரணம் கால்தான். மூன்று விரல்களில் உள்விரலின் நகம் குத்துவாள் போல நேராக 12 சென்டிமீட்டர் வரை வளரும். அந்தக் காலால் முன்னோக்கி உதைக்கும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் கசோவரியால் மனிதர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது ஒரே ஒரு முறை, 1926இல், மோஸ்மன் பக்கம். தோட்டத்துக்குள் வந்த பறவையைத் தடியால் அடித்துக் கொல்லப் போன இரண்டு சகோதரர்களில் மூத்தவன், 16 வயது, திரும்பி ஓடும்போது விழுந்தான், கழுத்தில் நகம் பாய்ந்தது. 2019இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 75 வயதுக்காரர் ஒருவர் இறந்தது அவரே தன் பண்ணையில் வளர்த்த பறவையால், அவர் கீழே விழுந்தபோது.

குயின்ஸ்லாந்தில் நடந்த தாக்குதல்களைத் தொகுத்து 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 221. அதில் மனிதர்மேல் நடந்தவை 150. அந்த 150இல் நான்கில் மூன்று பங்கு, ஏற்கெனவே மனிதர் கையால் தீனி தின்று பழகிய பறவைகள் செய்தவை. தீனியை எதிர்பார்த்தோ பிடுங்கவோ வந்தபோது நடந்தவை 73 சதவீதம். குஞ்சையும் முட்டையையும் காக்கத் தாக்கியவை 7 சதவீதம்தான். இதைப் படித்த அன்று நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வரவில்லை. அடுத்த தடவை ஒரு குழந்தை பழம் இல்லாத வெறும் கையைக் காட்டினால் என்ன ஆகும் என்றே மனம் ஓடியது. அப்படி ஒன்று நடந்தால் செய்தியில் வருவது பறவையின் பெயர்தான். கண்ணாடியை இறக்கச் சொன்ன மாமன் யாருடைய செய்தியிலும் வரமாட்டான்.

உண்மையில் சாவது பெரும்பாலும் பறவைதான். காடு அழிவதற்கு அடுத்து, வண்டிகளும் நாய்களும். மிஷன் பீச்சில் ஒரு பலகை இருக்கிறது, பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாலையில் வேகத்தடை இருப்பதைக் காட்டும் பலகையில் மேடாக ஒரு கோடு இருக்குமே, அதில் யாரோ கொஞ்சம் கறுப்பு மை சேர்த்து, விழுந்து கிடக்கும் கசோவரியாக மாற்றியிருக்கிறார்கள். கசோவரி நிற்பது போல இருக்கும் எச்சரிக்கைப் பலகையில் "முன்" என்றும், இதில் "பின்" என்றும் எழுதியிருக்கிறார்கள். 2014இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ கணித்தபடி அந்த ஈரக்காட்டு வட்டாரம் முழுவதிலும் இருப்பவை சுமார் 4,400. அதில் ஒன்றுக்குத்தான் நான் சாலையைக் காட்டிக்கொடுத்தேன்.

அத்தை பிள்ளைகள்

கசோவரியில் மூன்று வகை உண்டு. நான் பார்த்த தெற்குக் கசோவரி ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் இருக்கிறது. மற்ற இரண்டும் நியூ கினியையும் பக்கத்துத் தீவுகளையும் தாண்டி வேறெங்கும் இல்லை. அங்கே மனிதருக்கும் இதற்கும் உள்ள உறவு மிகப் பழையது. மேட்டு நிலத்துக் குகைத் தங்குமிடங்களில் கிடைத்த முட்டை ஓடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: 18,000 ஆண்டுக்கு முன்பே மக்கள் பொரிக்கும் நேரத்துக்கு நெருங்கிய முட்டைகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள், அநேகமாகக் குஞ்சை எடுத்து வளர்ப்பதற்காக. கோழி வளர்ப்புக்கு எவ்வளவோ முந்தைய காலம் அது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பாப்புவா நியூ கினியின் மலைகளில் கலாம் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். ரால்ஃப் புல்மர் என்ற மானுடவியலாளர் அவர்களோடு இருந்து, 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, கசோவரி ஏன் பறவை இல்லை என்பது. கலாம் மொழியில் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் சேர்த்து யாக்ட் என்று ஒரு சொல். கசோவரி அதில் சேராது. அது கொப்டி, தனி இனம். பறக்காததால் மட்டும் இல்லை. அவர்கள் கதையில் ஓர் அண்ணனும் தங்கையும் வருகிறார்கள், தங்கை கசோவரியாக மாறிக் காட்டுக்குள் போய்விடுகிறாள். அதனால் கசோவரிகள் மனிதருக்கு உடன்பிறந்தவளின் வழி வந்தவர்கள். இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் எழுதியவர் நீண்ட விளக்கம் தர வேண்டியிருந்தது. நமக்கு விளக்கமே வேண்டாம். அத்தை பிள்ளைகள். அவ்வளவுதான்.

அத்தை பிள்ளை என்றதும் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. நெருக்கமும் உண்டு, எல்லையும் உண்டு, உரிமையும் உண்டு, கணக்கும் உண்டு. கலாம் மக்கள் கசோவரியை வேட்டையாடுபவர்கள்தான், தின்பவர்கள்தான். ஆனால் அதன் ரத்தம் சிந்தக் கூடாது, கூரான ஆயுதம் எடுக்கக் கூடாது, தடியால்தான் அடிக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குள் சண்டை வந்தால் கைக்கொள்ளும் அதே விதி. வேட்டைக்குப் போகும்போது சாதாரணப் பேச்சை விட்டுவிட்டு, தாழங்காய் பறிக்கப் போகும்போது பேசும் தனி மொழியைப் பேச வேண்டும். கொன்றவன் ஒரு மாதம் சேம்புத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு. அது அந்தப் பக்கம் இருக்க வேண்டியது, நாம் இந்தப் பக்கம். கடந்தால் அதற்கு ஒரு முறை உண்டு, விலை உண்டு. மஞ்சள் பலகை, அபராதம் எல்லாம் இருக்கிற சாலையில் எனக்கு அந்தக் கோடு தெரியவே இல்லை. கண்ணாடியை இறக்கவைத்தேன், கொடு என்றேன்.

அந்தப் பயணத்தில் திரும்பி வரும்போதும் அதே சாலைதான். அதே வளைவுக்கு முன்னால் அத்தான் வேகத்தைக் குறைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பையன் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான், அப்புறம் எட்டி என் பக்கத்துக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டான். புல்லில் எதுவும் இல்லை. காடு மட்டும் இருந்தது.

அவனுக்கு இப்போது பத்து வயது. மிஷன் பீச் சாலையில் ஒரு கசோவரி அடிபட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அனுப்பிவிடுவான், அக்காவின் போனிலிருந்து. படத்தை உடனே திறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் ஆகும். போன மாதம் வந்த படத்தைத் திறப்பதற்கு முன்பே கீழே அவன் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது: "மாமா, கொண்டை நேராத்தான் இருக்கு."